ஊர்க் கப்பும் மொடிபோவின் முழங்காலும்

மகேந்திரராசா: ...அதெல்லாம் இருக்கட்டும் சேந்தன். ரீம் லிஸ்ரிலை ஆறாம் நம்பர் எந்த ஊர்?

சேந்தன்: ஆர் அண்ணை... மொடிபோவோ? மாலி.

மகேந்திரராசா: மாலி எங்கை, மானிப்பாய்க்குப் பக்கத்திலையோ?

சேந்தன்: பகிடி விடாதேங்கோ. நாளைக்கு கார்ஜ் மைதானத்திலை புட்போல் பைனல். மதுஷனுக்குக் கால் சுளுக்கு. நடுவிலை விளையாட எங்கடை ரீமிலை ஆளில்லை.

மகேந்திரராசா: ஊர்ச் சங்கத்தின்ரை கப் தம்பி. ஊரிலை பிறந்தவை, அவையின்ரை பிள்ளையள், ஊருக்குள்ளை கலியாணம் கட்டினவை. வேறை ஒருத்தரும் இறங்கேலாது. பேரை வெட்டு... அந்த முருங்கைக்காய்ப் பெட்டியை இஞ்சாலை தள்ளு, வாசல்லை சனம் நிக்குது.

சேந்தன்: அண்ணை, அவன் சும்மா ஆளில்லை. பத்தொன்பது வயசிலை மாலி பமாகோவிலையிருந்து கிளப் ஒப்பந்தம், கொன்ட்ராவோடை வந்தவன். இஞ்சை இரண்டாம் டிவிசனிலை விளையாடினவன். கோல் அடிக்கிறவனில்லை, அடிக்கிறவனுக்குப் பந்து குடுக்கிறவன்.

மகேந்திரராசா: நாலு சீசனிலை மூண்டே மூண்டு கோல் எண்டால் வேறை என்னெண்டு சொல்லுறது.

சேந்தன்: மூண்டு சீசன்தானே.

மகேந்திரராசா: நாலு. கடைசிச் சீசன் முழுக்க ஆஸ்பத்திரி. இடது முழங்கால், ரெண்டு தரம் வெட்டினது. பிறகு கிளப் கைவிட்டிட்டுது. இப்ப சாமான் அடுக்கிற தெப்போவிலை பெட்டி ஏத்துறான்.

சேந்தன்: ...எந்தக் கால் எண்டு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?

மகேந்திரராசா: ஆக்கள் கதைக்கினம். லா ஷப்பல் கடைத்தெருவிலை கதைக்கென்ன பஞ்சம்.

சேந்தன்: திங்கக்கிழமை ஒரு கிளப்பிலை மெடிக்கல் வைச்சிருக்கு. பாஸானால் ஒரு வருசக் கொன்ட்ரா. வயசு இருபத்தொன்பது. இதை விட்டால் பிறகு இல்லை.

மகேந்திரராசா: அப்ப நாளைக்கு என்னத்துக்கு இறங்குறான்? விசரோ?

சேந்தன்: நானும் வேண்டாமெண்டுதான் சொன்னனான். கேக்கிறானில்லை.

மகேந்திரராசா: ஏனாம்?

சேந்தன்: ...கப் குடுக்கிறது நீங்கள்தானே. அதை உங்கடை கையாலை வாங்கவேணுமாம்.

மகேந்திரராசா: என்ரை கையாலையோ.

சேந்தன்: ஓம்.

மகேந்திரராசா: ...வெட்டு பேரை.

சேந்தன்: வெட்டேலாது அண்ணை. நீங்கள் எழுதின விதிப்படியே அவன் விளையாடலாம்.

மகேந்திரராசா: எப்பிடி?

சேந்தன்: ஊர் மருமோன்.

மகேந்திரராசா: ஓகோ. ஆற்றை வீட்டு மருமோன்?

சேந்தன்: அது... சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணிப்போட்டன்.

மகேந்திரராசா: மாமன் பேரில்லாத மருமோனை எந்த லிஸ்ரிலை எழுதுறது?

சேந்தன்: அண்ணை, பகிடியில்லை. மாசி மாசம் கார்ஜ் நகரசபை மேரியிலை பதிவுக் கலியாணம் முடிஞ்சுது. சாட்சிக் கையெழுத்து நான்தான் வைச்சனான்.

மகேந்திரராசா: நல்லது. மாமன் ஆர்?

சேந்தன்: கத்தக்கூடாது...

மகேந்திரராசா: நான் எப்ப கத்தினனான்?

சேந்தன்: கடையிலை சனம் நிக்குது...

மகேந்திரராசா: சொல்லு தம்பி.

சேந்தன்: ...நீங்கள்தான். உங்கடை மகள் லக்ஷனா.

மகேந்திரராசா: தெரியும். கலியாண அறிவித்தல் மேரி வாசல்லை பத்து நாள் ஒட்டிக் கிடந்தது. பத்து நாளும் போய் வாசிச்சனான். இண்டைக்குச் சொல்லுவாள், நாளைக்குச் சொல்லுவாள் எண்டு பாத்துக்கொண்டு இருந்தன்... ஒருத்தரும் வரேல்லை. இப்ப பேரை வெட்டு. கண்டறியாத கப்புக்கு என்ரை மருமோன்ரை காலை உடைக்க நான் விடமாட்டன்.