மீட்டருக்கு வேர்க்கக் கூடாது

அது காயப்போட்ட துணி மேடம். மீட்டர் மேல ஏன் காயப்போட்டேன்னா, கொடி இல்ல. சரி, கொடி இருக்கு. பார்த்துட்டீங்க. உட்காருங்க, நெசத்தையே சொல்லிடறேன். அந்த ஸ்டூல் வேணாம், தகரத்தை ஒட்டி இருக்கு, முதுகு வெந்துடும். இப்படி வாங்க. இதான் மீட்டரோட எடம். ரூம்லயே சொகமான எடம் இதுதான்.

போன மாசம் உங்க ஆபீஸ்லேருந்து ரெண்டு பேரு வந்து இந்த மீட்டர் பெட்டியை மாட்டிட்டுப் போனாங்க. ரூம்ல எவ்வளவு சூடுன்னு அதுவே குறிச்சு வெச்சுக்குமாம். முப்பத்தஞ்சு டிகிரியைத் தாண்டிட்டா, மனுஷன் குடியிருக்க லாயக்கில்லாத எடம்னு சீல் வெச்சிடுவீங்களாம். எல்லாம் எங்க நல்லதுக்குத்தானாம். சீல் வெச்ச பிறகு நாங்க எங்க போறதுன்னு கேட்டேன். அது வேற டிபார்ட்மெண்ட்டுன்னுட்டாங்க.

அன்னிலேருந்து புது மாப்பிள்ளை மாதிரி கவனிச்சுக்கறோம் மேடம் அதை. இருக்கறது ஒரே ஃபேன், அதுவும் அதுக்குத்தான். துணி காய்ஞ்சா பெரிய பொண்ணு நனைச்சுப் போடுவா. கரண்ட் போனா சின்னவ அட்டையால விசிறுவா. பொண்ணுங்களுக்கு வேர்க்கலாம், மீட்டருக்கு வேர்க்கக் கூடாது.

சிரிக்கறீங்களே. இங்கேருந்தும் கிளப்பிட்டீங்கன்னா இது நாலாவது தடவை மேடம். மொதல்ல கடலு. அதைக் குத்தம் சொல்ல முடியாது, சொல்லிட்டுத்தான் வந்துச்சு, வருஷத்துக்கு நாலு அடி. கடைசியில எங்க வீட்டுக்குள்ளயே குடிவந்துடுச்சு. அட்வான்சும் தரல, காலியும் பண்ணல. அப்புறம் ஆத்தோரம். வெள்ளம் வந்தா ஆபத்துன்னு இடிச்சாங்க. இப்ப அங்க காலையில நடக்கறவங்களுக்குப் பாதை போட்டிருக்கு. தொப்பையைக் கரைக்கறவங்க பக்கம் வெள்ளம் வராது போல. அதுக்கப்புறம் மலைச்சரிவு. மண்ணு சரியும், உடனே கிளம்புங்கன்னாங்க. இப்ப அங்க ஆறு மாடி ஓட்டல் நிக்குது. அதுல ஏசி மாட்டினதே நான்தான்.

சொல்லலையா? அதான் என் வேலை. அந்த ஜன்னலைத் திறந்து பாருங்க. ஐயோ, திறக்காதீங்க, மீட்டர் ஏறிடும். எதிர்க் கட்டடத்துல இந்தப் பக்கம் மட்டும் நாப்பத்திரண்டு அவுட்டோர் யூனிட்டு. எல்லாம் நான் முடுக்கின போல்ட்டு. உள்ள இருக்கற சூட்டை எடுத்து வெளிய தள்ளும். அந்த வெளியிலதான் நாங்க குடியிருக்கோம்.

வேற வீடு தேடாம இருப்பேனா? ஏசி மாட்டப் போனா படுக்கையறை வரைக்கும் கூப்பிடறாங்க. அதே வீட்டு மாடி ரூமை வாடகைக்குக் கேட்டா, நிரந்தர முகவரி என்னங்கறாங்க. தண்ணிக்குள்ள இருக்கு சார்னா கதவைச் சாத்தறாங்க. எங்ககிட்ட நிரந்தரமா இருக்கறது மூட்டை ஒண்ணுதான். இந்த ஓனரு எதுவும் கேட்கல. பள்ளிக்கூடம் நடக்கற தூரம். எடம் மாறி மாறியே பெரியவ ரெண்டு வருஷம் பின்தங்கிட்டா. இப்பதான் பரீட்சை எழுதப் போறா. இன்னொரு தடவை மூட்டை கட்டினோம்னா அவ படிப்பு அவ்வளவுதான்.

அதனால துணியை நீங்க பார்க்கல. பெட்டி என்ன காட்டுதோ அதை எழுதிக்குங்க. இருபத்தெட்டு. பெட்டி பொய் சொல்லாதுன்னு உங்க ஆளுங்கதானே சொன்னாங்க.

இன்னும் கேள்வி இருக்கா? கேளுங்க. சூட்டால யாருக்காவது உடம்புக்கு ஏதாவதா? இல்ல, ஒண்ணும் இல்ல. மூணு பேரும் நல்லா இருக்கோம்.

நாலா? பழைய லிஸ்ட்ல நாலுன்னு இருக்கா. ஆமா, அப்ப நாலு. என் வீட்டுக்காரியும் சேர்த்து. ஊருக்கெல்லாம் போகல மேடம், எந்த ஊருக்குப் போவா. போன கோடையில, ஒரு மத்தியானம், இங்கயேதான். நான் எதிர்ல அஞ்சாவது மாடியில தொங்கிக்கிட்டு இருந்தேன். சின்னவ கீழ நின்னு கத்தியிருக்கா. டிரில் சத்தத்துல எனக்குக் கேட்கல.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டாரு, ரூம் ரொம்ப சூடா இருக்குமான்னு. ஆமான்னு சொன்னா அப்படியே எழுதுவாரு. எழுதினா பேப்பர் உங்க ஆபீசுக்கு வரும். அந்த வாரம்தான் பக்கத்துச் சந்துல அப்படி எழுதின ஒரு ரூமைப் பூட்டியிருந்தீங்க. அவளை அடக்கம் பண்ணிட்டு வந்து பொண்ணுங்களை எங்க படுக்க வைக்கறது? இல்ல டாக்டர், நல்லா காத்து வரும்னேன். மாரடைப்புன்னு எழுதிட்டாரு.

இருபத்தெட்டே போடுங்க மேடம். அவரு எழுதினதும் நீங்க எழுதறதும் ஒத்துப் போகணும்ல.