ப்ரசன்னா தீவுல இல்ல

வாடிப்போச்சு அங்கிள். மொத்தத் தோட்டமும். போன திங்கக்கிழம காலைல பல்லு தேச்சிட்டே ப்ரசன்னாவோட டேப்ப எடுத்துப் பாக்கறேன், தக்காளி, வெண்டக்கா, அந்த நீலப் பூ, எல்லாம் தலைய தொங்கப்போட்டு நிக்குது. அப்பவே ஏதோ சரியில்லன்னு தோணிருச்சு. ஏன்னா ப்ரசன்னா என்ன ஆனாலும் தண்ணி ஊத்தாம இருக்கமாட்டான். டெங்கு வந்து ட்ரிப்ஸ் ஏறிட்டு இருந்தப்பவே இன்னொரு கையால ஊத்தினவன்.

அய்யோ இல்ல, நெஜத் தோட்டம் இல்ல. இந்த டெல்லில, மயூர் விஹார்ல மூணாவது மாடி ஃப்ளாட்டுல எங்க தோட்டம் போடறது. கேம் அங்கிள். உக்காருங்க மொதல்ல. பைய எங்கிட்ட குடுங்க. தட்டையா? ஆன்ட்டி பண்ணதா? அச்சா, ஓரமா வெக்கறேன், ஒடையாது.

வருவான்... வருவானான்னு நீங்க கேக்கறது புரியுது. அதத்தான் சொல்ல வரேன். அவன் போய் ஒம்பது நாளாச்சு அங்கிள். போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழம. சின்ன பேக் ஒண்ணு மாட்டிட்டு, நாளைக்கு வந்துடறேண்டான்னு போனான். போன் அன்னிக்கு மத்தியானத்துலேந்து ஸ்விட்ச் ஆஃப். போலீஸ்ல எழுதிக் குடுக்கணும், அதுக்கு நீங்க என்கூட வரணும். இப்பவே போலாம். காபி குடிச்சிட்டுப் போலாம், ஆனா இன்னிக்கே போகணும்.

ஆமா. ஆன்ட்டிக்கு நேத்தும் எழுதிருக்கான். சாப்பிட்டேன்னு வந்துது. எனக்குத் தெரியும் அங்கிள், அந்தச் சீட்ட நானும் பாத்தேன். எழுதறவன் எங்கயோ நல்லாத்தான் இருக்கான், போலீஸ் எதுக்குங்கறீங்க. சரி. மொதல்ல அந்தக் கேம் என்னன்னு சொல்றேன், அப்பறம் நீங்களே சொல்லுங்க.

இங்க பாருங்க, இதான் டேப். அவனோடது, சார்ஜர்லயே விட்டுட்டுப் போயிட்டான். இது அவன் தீவு. இது வீடு, இது கெணறு, இந்தக் குண்டுப் பூனைக்கு அவன் வெச்ச பேரு மேனேஜர். சவுண்ட கேளுங்களேன். இந்த மழச் சத்தம் இருக்குல்ல, இதப் போட்டுட்டே நான் ரெண்டு வருஷம் தூங்கிருக்கேன். மழ பேஞ்சா அன்னிக்கு தண்ணி ஊத்த வேணாம், சும்மா பெஞ்சுல உக்காந்திருக்கலாம். அதோ அந்தக் கீரிப்பிள்ள வியாழக்கிழம மட்டும் தொப்பி விக்க வரும். நீங்க ஒண்ணும் வாங்கலன்னாலும் கோவிச்சுக்காது, போய்ட்டு அடுத்த வாரம் வரேன்னு சொல்லும். எனக்கு அந்தக் கீரிப்பிள்ளய அவ்ளோ புடிக்கும். என் ஆஃபீஸ் மேனேஜர் அப்படி ஒரு நாள் பேசினா...

ஜெயிக்கறதா? ஜெயிக்கவே முடியாது அங்கிள். தோக்கவும் முடியாது. அதான் விஷயமே. வெளில நாள் பூரா யாராவது மார்க் போட்டுட்டே இருக்காங்க, இதுல யாரும் போடமாட்டாங்க. எடுத்ததையே எடுத்து எத்தன வருஷமா ஆடறீங்கன்னு கேப்பாங்க. புதுசா எதுவும் நடக்காதுங்கறதுக்குத்தான் ஆடறோம்.

ஒரு நிமிஷம், ஆஃபீஸ் கால். ஹான் ஜீ, ஹான், பேஜ் ரஹா ஹூம், தஸ் மினிட். சாரி அங்கிள். ஃபைல் அனுப்பணும், பரவால்ல, கெடக்கட்டும்.

இந்தப் பக்கம் போர்டு தெரியுதா, மரப் பலகை? யாராவது தீவுக்கு வந்தா ஒரு சீட்டு எழுதி இதுல குத்திட்டுப் போலாம். ஆன்ட்டி தெனம் வருவாங்க. ஆமா, சாவித்திரி ஆன்ட்டிதான். ப்ரசன்னாதான் அவங்க போன்ல போட்டுக் குடுத்தது, ஊர்லேந்து கெளம்பறதுக்கு முந்தின நாள். மன்னார்குடில நீங்க பக்கத்துல உக்காந்து நியூஸ் பாக்கறப்ப, ஆன்ட்டி ஏதோ காய்கறி கேம் ஆடறாங்கன்னு நெனச்சிருப்பீங்க. அவங்க இங்கதான் இருந்தாங்க. இவன் தக்காளிக்குப் பக்கத்துல.

தப்பா எடுத்துக்காதீங்க. பேங்க் வேலைய விட்டுட்டு டெல்லிக்கு அனிமேஷனுக்கு வந்தான்னு நீங்க கோவிச்சீங்க, இந்த வீட்லேந்து அவனுக்கு ஒரு போன் போகக்கூடாதுன்னு சொன்னீங்க. ஆன்ட்டியும் பண்ணல. சொன்ன பேச்ச மீறல. காலைல ஏழு மணிக்குத் தீவுக்கு வந்து ஒரு கூடை கேரட்டு வெச்சிட்டுப் போவாங்க. இவன் அத எடுத்துட்டு தண்ணி ஊத்துவான். அவ்ளோதான். சீட்டெல்லாம் கெடையாது, நாலு மாசமா ஒரு வார்த்த எழுதிக்கல ரெண்டு பேரும். எழுதினா அது பேசின மாதிரி ஆயிடும்ல. தோட்டம் பச்சயா இருந்தா புள்ள நல்லாருக்கான், கூடை காலியா இருந்தா எடுத்துட்டான். அதுக்கு மேல என்ன வேணும்னு கேப்பான்.

அதனாலதான் அங்கிள், அந்தத் திங்கக்கிழம. ஆன்ட்டி ஏழு மணிக்கு வந்து பாத்திருக்காங்க. எல்லாம் வாடிக் கெடக்கு, ரெண்டு நாள் கேரட்டு அப்படியே இருக்கு. மொத தடவயா போர்டுல சீட்டு. கண்ணு, ஒடம்பு சரியில்லையா.

எனக்குத் தமிழ் படிக்க நேரமாகும். இங்கயே டெல்லில கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸ்ல பொறந்து வளந்தவன், வீட்ல பேசறதோட சரி. அந்த மூணு வார்த்தைய எழுத்துக் கூட்டிப் படிச்சேன். அவன் முன்னாடி ஒருவாட்டி சொல்லாம ரிஷிகேஷ் போயி மூணு நாள் கழிச்சு வந்திருக்கான். இதுவும் அப்படித்தான் இருக்கும், நாளைக்கு வந்துருவான், அதுக்குள்ள எதுக்கு அவங்க பயப்படணும்னு... தண்ணி ஊத்திட்டேன்.

ஆமா அங்கிள். நான்தான்.

ஊத்தினா ஒரு செகண்ட்ல எல்லாம் நிமிந்துரும், அவ்ளோ அழகா பண்ணிருப்பாங்க அந்த அனிமேஷன். கேரட்டயும் எடுத்துட்டேன். அடுத்த நாள் அவங்க கேட்டாங்க, சாப்பிட்டியா. தண்ணி ஊத்தினப்பறம் பதில் சொல்லாம எப்படி இருக்கறது. மைக்க அமுக்கிட்டுப் பேசினா அதுவே தமிழ்ல எழுதிக்கும். சாப்பிட்டேன் மம்மின்னு சொல்லிட்டேன். நான் எங்க அம்மாவ அப்படித்தான் கூப்பிடுவேன், வாய்ல வந்துருச்சு. எனக்கு உசுரே போச்சு. ஆன்ட்டி எழுதினாங்க, டெல்லிக்குப் போய் மம்மியா ஆயிட்டேனாடா நான். அன்னிக்கு மட்டும் ஆறு சீட்டு. கத்திரிக்கா கொழம்பு வெச்சது, கீழ் வீட்டுக்காரங்க காலி பண்ணது, உங்க முட்டி வலி. நாலு மாசம் சேத்து வெச்சத எல்லாம் எழுதினாங்க. அப்பறம் எப்படி அங்கிள் நான் நிறுத்துவேன்?

திட்டுங்க. திட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்.

தேடாம இல்ல. அவன் ஆஃபீஸ்ல மானசான்னு ஒரு பொண்ணு, அவகிட்ட கேட்டேன். அவனுக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சு ஒரு மாசமாச்சாம். எனக்கே தெரியாது. தெனம் ஒம்பது மணிக்கு பேக் மாட்டிட்டு என்னோட மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் நடந்து வருவான், நான் ராஜீவ் சௌக் பக்கம், அவன் நொய்டா பக்கம். பை சொல்லிட்டுத்தான் போவான். கேம்லயும் அந்த மாசம் புதுசா ஒரு விதை போடல. அவனோட பொம்மய பெஞ்சுல உக்கார வெச்சிட்டு மழச் சத்தம் கேட்டுட்டு இருப்பான். பக்கத்துல நானும் என் தீவ தொறந்து வெச்சிட்டு, என்னடா சில்லாருக்கல்லன்னு கேப்பேன். ம்ம்பான். நெஜமாவே ரெஸ்ட் எடுக்கறான்னு நெனச்சேன் அங்கிள். நான் அப்படித்தான ரெஸ்ட் எடுக்கறேன்.

புதன்கிழம போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். பேரு, நம்பர் எல்லாம் எழுதிக்கிட்டாங்க. வீட்டு ஆளுங்ககூட சண்டையா, பேசறாங்களான்னு கேட்டாங்க. என்னன்னு சொல்றது? அவன் பேர்ல தெனம் ஆன்ட்டிக்கு சீட்டு போய்ட்டு இருக்கு. அப்பா, அம்மா யாராவது வந்து எழுதிக் குடுக்கட்டும்னாங்க. நான் ஊத்தின தண்ணிதான் அவனத் தேடவிடாம பண்ணுதுன்னு வெளில வந்து நிக்கறப்பதான் ஒறச்சுது.

டீ சாப்பிடறீங்களா, காபியா? ஐ.என்.ஏ. மார்க்கெட்ல வாங்கின காபிப்பொடி இருக்கு, அவன் வாங்கினது. வேணாமா. சரி.

பண்ணேன் அங்கிள். உங்களுக்குப் போன் பண்ணேன். புதன்கிழம சாயந்தரம் ஒருவாட்டி, வியாழக்கிழம காலைல ஒருவாட்டி. ப்ரசன்னாவோட ஃப்ரெண்டு ப்ரணவ், டெல்லிலேந்து பேசறேன்னு சொன்னேன். ரெண்டு தடவயும் வெச்சிட்டீங்க. ரெண்டாவது தடவ, அவனச் சொல்றதா இருந்தா போன் பண்ணாதேன்னு சொல்லிட்டு வெச்சீங்க. ஆன்ட்டிகிட்ட சொல்லலாம்னா, அவங்களுக்கு ப்ரெஷர் இருக்குன்னு இவன் சொல்லிருக்கான். இத்தன நாள் சீட்டு எழுதினது வேற எவனோன்னு போன்ல எப்படிச் சொல்ல? பக்கத்துல யாரு இருப்பாங்களோ, எப்படித் தாங்குவாங்களோ.

அவன் போட்டோ ரெண்டு காப்பி எடுத்து வெச்சிருக்கேன். ஆதார் காப்பி இருக்கு. சிவப்புக் கட்டம் போட்ட சட்டைல போனான், அதையும் எழுதி வெச்சிருக்கேன். ஆட்டோல போனா பத்து நிமிஷம். ஆன்ட்டிக்கு இப்ப எதுவும் எழுதலாமா வேணாமான்னு நீங்கதான் சொல்லணும், இனிமே நான் அதுல கை வெக்கமாட்டேன். பைய இங்கயே விட்டுட்டு வாங்க, நான் பூட்டிடறேன்.

என்ன அங்கிள்?

எது... வியாழக்கிழம வந்த சீட்டா. அப்பாவப் பாக்கணும் போல இருக்கு, வரச் சொல்லுன்னு.

நீங்க அத போன்ல எடுத்து வெச்சிருக்கீங்களா. ஆன்ட்டி ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினாங்களா. காட்ட வேணாம், எனக்கு ஞாபகம் இருக்கு. ட்ரெயின்லயே ஷேவ் பண்ணிட்டு எறங்கிருக்கீங்க, கதவத் தொறந்தப்பவே பாத்தேன். அத எப்படிச் சொல்றதுன்னு தெரியாமத்தான் இவ்ளோ நேரம் கீரிப்பிள்ள, பூனைன்னு என்னென்னவோ பேசிட்டு இருக்கேன். மத்ததெல்லாம் போகட்டும், அது ஒண்ணாவது அவன் எழுதினதான்னு கேக்கறீங்க.

நீங்க போன வெச்சிட்டீங்க அங்கிள். வேற எப்படிச் சொன்னா நீங்க வருவீங்கன்னு எனக்குத் தெரியல. அதுவும் நான் எழுதினதுதான்.