வல்கூர் தவறிய இடம்

அவைக்குத் தலைமை தாங்கும் அரசவை இசை மேற்பார்வையாளர் மொஸ்ஸியே தெப்ரேல் அவர்களே! வெர்சாய் அரண்மனை இசைக்குழுவின் சகோதரர்களே! அழுது ஓய்ந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மதாம் வல்கூர் அவர்களே! வணக்கம்.

செல்லோ மாமேதை தியெபோ வல்கூர் போய்விட்டார். இத்தனை வருடமும் அவர் பக்கத்தில் அமர்ந்து, ஒரே இசைத்தாளைப் பார்த்து வாசித்தவன் நான். இன்று காலைப் பூசையில் என் வலப்பக்க நாற்காலி காலியாக இருந்தது. தாங்க முடியவில்லை, ஐயா!

யார் இந்த வல்கூர்? பாட்டுக்குப் பின்னால் முனகிக்கொண்டிருந்த செல்லோவைப் பாட வைத்தவர்! இடக்கைக் கட்டைவிரலையும் தந்தியின் மேல் ஏற்றி, வயலினுக்கே சொந்தம் என்று நாம் நினைத்திருந்த உயரத்தை எட்டியவர்! பாரிஸிலும் லியோனிலும் இன்று செல்லோ பிடிப்பவர்களில் பாதிப் பேர் அவரிடம் குட்டு வாங்கியவர்கள்தானே?

சற்றுமுன் தலைவர் சொன்னார், அந்த ஒரு சறுக்கல் மட்டும் இல்லாவிட்டால் வல்கூர் தலைமை வாத்தியக்காரர் ஆகியிருப்பார் என்று. மன்னிக்க வேண்டும் ஐயா, எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிகிறது. தான் உயிரோடு இருக்கும்வரை சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இனி எதற்கு மறைக்க வேண்டும்?

அன்று அரச குடும்பத்தின் முன் கச்சேரி. ஓர் இளம் பாடகிக்கு அதுதான் முதல் மேடை. பயத்தில், தன் முறை வருமுன்பே பாட ஆரம்பித்துவிட்டாள். அங்கே தவறியவளுக்கு மறுமேடை உண்டா? வல்கூர் என்ன செய்தார் தெரியுமா? வில்லை அழுத்தி, எல்லோர் காதிலும் விழும்படி, அவள் பாடிய இடத்துக்கே தாவி வாசித்தார்! தாளில் அப்படி ஒன்றுமே இல்லை! செல்லோவை நம்பி வாசித்த நாங்கள் தடுமாறி, அவர் பின்னாலேயே ஓடி அவளைப் பிடித்தோம். சபை முகம் சுளித்தது அவளைப் பார்த்தா? இல்லை, செல்லோவைப் பார்த்து!

முடிந்ததும் அன்றைய இசை மேற்பார்வையாளர் வந்து நின்றார்.

"என்னய்யா வல்கூர், தூங்கிட்டீரா?"

"ஆமாங்க. மத்தியானம் வாத்துக்கறி கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு."

கைக்கு வந்த தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. வல்கூருக்கு 'வாத்து' என்ற பட்டப்பெயர்தான் மிஞ்சியது. நான் சண்டைக்கே போனேன்.

"யோவ், உமக்கென்ன பைத்தியமா? நடந்ததைச் சொல்லித் தொலையுமேன்!"

"சும்மா இருய்யா. எனக்குப் பதவிதானே போச்சு. அந்தப் பொண்ணுக்குப் பாட்டே போயிருக்கும்."

அந்தப் பெண்ணின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. அது வல்கூருக்குப் பிடிக்காது.

யார் அங்கே எழுந்து நிற்பது? மதாம் ஒதீல்! வேண்டாம் அம்மா, உட்காருங்கள்! உங்களை எழ வைக்கவா நான் பேசினேன்? ஐயோ, அழாதீர்கள்...

உட்கார மறுக்கிறார். பார்த்துக்கொள்ளுங்கள், சகோதரர்களே! பிரான்ஸ் முழுதும் கொண்டாடும் குரல் அதோ நிற்கிறது!

செல்லோக்காரர்களே, எழுந்திருங்கள்! அவரைத் தனியாக நிற்க விடலாமா?

தலைவர் அவர்களே, வல்கூர் மேல் ஆணையாகச் சொல்கிறோம். நாளை முதல் இந்த மேடையில் எந்தப் பாடகி தவறினாலும், எங்களைக் கூப்பிட்டு ஏசுங்கள். தவறியது நாங்கள்தான்.