வலப்பக்கத்து வகிடு

மருதாணியையும் அவுரியையும் ஒரே கிண்ணத்தில் கலக்கிப் பூசுகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் சீக்கிரமே தலை செம்பட்டை அடித்துப் போகிறது. பழி இலைகளின் மேல் விழுகிறது. முதலில் மருதாணி. புளிப்பேறிய தேயிலைச் சாற்றில் ஊறவைத்துப் பூசினால் நரைத்த முடியெல்லாம் செங்கல் நிறத்துக்கு வரும். அதை அலசிக் காயவைத்த பிறகுதான் அவுரி. பொடியை வெதுவெதுப்பான நீரில் ஒரு சிட்டிகை உப்போடு குழைத்த கையோடு பூசிவிட வேண்டும். ஆறப்போட்டால் சாயம் காற்றோடு போய்விடும். அலசியதும் பச்சையாகத் தெரியும். பயப்படக் கூடாது. காற்றுப் படப் பட நீலமாகி, பிறகு கருகருவென்று நிற்கும். சிவப்பின் மேல் நீலம் ஏறினால் கறுப்பு. அவ்வளவுதான் விஷயம்.

என் அண்ணி எப்படிச் செத்தார் என்றுதான் நீங்கள் கேட்டீர்கள், மேடம். அங்கேதான் வருகிறேன். இது புரியாமல் அது புரியாது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முடி எதனால் ஆனதோ, தோலின் மேல்பரப்பும் அதனால்தான் ஆனது. ஆகவே சாயம் தோலையும் பிடிக்கும். ஆனால் தோல் நாள்தோறும் உதிர்வது. ஒரு வாரத்தில் கறை போய்விடும். முடியில் மட்டும் நிற்கும்.

என் கடை பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், சாவி செய்கிறவருக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில். சில நாற்காலிகள், தலை அலச ஒரு தொட்டி. நரைக்கும் பொடுகுக்கும் முடி கொட்டுவதற்கும் இலைகள்தான். டப்பா சாயம் எதையும் வாசலுக்குள் விட்டதில்லை. கடைக்கு மேலேயே வீடு. அண்ணன் இறந்த பிறகு அண்ணியும் நானும் மட்டும்தான் அங்கே இருந்தோம். அண்ணியின் மகளுக்கு வேறு ஊரில் வேலை.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு தையல்கடைக்காரி என்னிடம் தலைக்குப் போட்டுக்கொண்டு போனவள், மறுநாள் நெற்றி வீங்கி வந்து நின்றாள். அதற்கு முன்பே வீட்டில் டப்பா சாயம் பூசியிருந்தாள். வீக்கம் அதனால் வந்தது. பொறுமையாக விளக்கினேன். யார் காதில் ஏறியது? அங்கே போனால் மூஞ்சி பன் மாதிரி ஊதிவிடும் என்று தெருவெல்லாம் பேச்சு. என் நாற்காலிகள் காற்று வாங்கின.

அப்போது மாடியிலிருந்து இறங்கி வந்தவர் அண்ணிதான். வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்துவிட்டார். அறுபதை நெருங்கும் வயதில் இடுப்புக்குக் கீழே இறங்கும் கருங்கூந்தல். எட்டிப் பார்த்தவர்களை உள்ளே கூப்பிட்டார்.

“தொட்டுப் பாருங்க. எல்லாம் இவ போட்ட இலைதான். எம் மூஞ்சி வீங்கியா இருக்கு? கொஞ்சம் குண்டு, அது நான் தின்னதால வந்தது.”

சிரித்துக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். கடை பிழைத்தது. அன்றிலிருந்து அண்ணியின் தலைதான் என் பெயர்ப்பலகை.

அந்தத் தலையில்தான் அதைப் பார்த்தேன். இடப்பக்க வகிட்டை ஒட்டி, உச்சிக்குச் சற்றுக் கீழே, கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி. தன் உச்சந்தலையைத் தானே பார்க்க யாராலும் முடியாது. அதைப் பார்க்கக்கூடிய ஒரே ஆள் வகிடு எடுக்கிறவள்தான். அடுத்தமுறை பார்த்தபோது மிளகளவு இருந்தது. வட்டமாக இல்லாமல், சிந்திய மை போல ஓரம் பிசிறியிருந்தது. ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பழுப்பு.

அது என்னவென்று தெரியாது என நான் சொல்லப்போவதில்லை. ஒரு பள்ளி ஆசிரியை முதன்முதலாகக் கடைக்கு வந்தபோது அவர் பிடரியில் அதேபோல ஒன்று இருந்தது. கண்ணாடி பிடித்துக் காட்டினேன். பொடியைத் தொடாமலே, இன்றைக்கே தோல் மருத்துவரைப் பாருங்கள் என்று அனுப்பிவைத்தேன். சிறிதாக இருக்கும்போதே வெட்டி எடுத்துவிட்டார்கள். அவர் இப்போதும் வருகிறார்.

வித்தியாசம் என்னவென்று கேட்பீர்கள். ஆசிரியையின் தலையில் அதுவரை என் பொடி படவில்லை. அண்ணியின் தலையில் வருடக்கணக்காக என் பொடிதான். நெற்றி வீங்கியதற்கே அந்தப் பேச்சு என்றால் இதற்கு என்ன பேசுவார்கள்? பொடிக்கும் புள்ளிக்கும் சம்பந்தமில்லை என்று எத்தனை பேருக்கு நான் விளக்க முடியும்? கொஞ்ச நாள் போகட்டும் என்று நினைத்தேன். யாரும் அப்படித்தான் நினைப்பார்கள்.

முதலில் வகிட்டை வலப்பக்கம் மாற்றினேன். ஒரே இடத்தில் வகிடு எடுத்து இழுத்துக் கட்டினால் அங்கே முடி கொட்டும் என்றேன். அது உண்மையும்கூட. அண்ணி கண்ணாடியில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

“வயசு குறைஞ்ச மாதிரி இருக்கே, டாக்டரம்மா.”

என்னை அப்படித்தான் கூப்பிடுவார், கேலிக்கு.

தோலில் கறை ஒரு வாரம்தான் நிற்கும் என்றேன் அல்லவா? அதனால் மாதம் ஒருமுறை பூசிவந்ததை வாரம் ஒருமுறை ஆக்கினேன். அந்த இடத்தில் மட்டும் அவுரியைக் கெட்டியாக அப்புவேன். சுற்றியுள்ள தோல் நீலக்கறுப்பாகிவிட்டால் நடுவில் இருப்பது கண்ணில் படாது. அண்ணிக்கு ஒரே பெருமை. கூடப் பிறந்தவள்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று சாவிக்காரரிடம் போய்ச் சொல்லியிருக்கிறார்.

பிறகு அரிக்க ஆரம்பித்தது.

“அங்க என்னமோ குறுகுறுங்குது. என்னன்னு பாரேன்.”

“பொடுகு அண்ணி.”

“விரல்ல ரத்தம் ஒட்டுதே.”

“இவ்ளோ நகத்த வச்சுக்கிட்டு சொறிஞ்சா வேற என்ன ஒட்டும்?”

உட்காரவைத்து நகங்களை வெட்டிவிட்டேன். கற்றாழையும் வேப்பிலையும் அரைத்துப் பற்றுப் போட்டேன். தலைத் தோலுக்கு அது நல்ல குளிர்ச்சி. அன்றைக்கு அண்ணி நன்றாகத் தூங்கினார்.

மகள் விடுமுறைக்கு வந்தபோது, அம்மாவுக்குத் தான்தான் எண்ணெய் தேய்த்துவிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தாள். முந்தின நாளே நான் பூசி முடித்திருந்தேன். இருந்தாலும் விரலுக்குத் தட்டுப்பட்டுவிட்டது.

“அத்தை, இங்க கட்டியா ஒண்ணு இருக்கு. கொஞ்சம் பாருங்களேன்.”

பார்த்தேன். அவுரி சரியாக அலசாவிட்டால் திட்டாகக் காய்ந்து தோலோடு ஒட்டிக்கொள்ளும் என்றும், பிய்த்தால் புண்ணாகும், தானாக உரிய விடவேண்டும் என்றும் விளக்கினேன். சோப்பு ஏன் நுரைக்கிறது, இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று சின்ன வயதில் அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தவள் நான். நான் விளக்கினால் அவள் மறுகேள்வி கேட்பதில்லை. தலையாட்டிவிட்டு அந்த இடத்தைச் சுற்றிப் பதமாகத் தேய்த்தாள்.

அவள் ஊருக்குப் போன பிறகு அண்ணியின் காதுக்குக் கீழே, கழுத்தில் ஒரு முடிச்சு வந்தது. சளிக் கட்டி என்று சொல்லி எண்ணெய் நீவிவிட்டேன். இருமல் பிடித்துக்கொண்டது. உடம்பு துரும்பாக இளைத்தது. முடி மட்டும் மின்னியது. ஒருநாள் கடை நாற்காலியிலிருந்து எழுந்தவர் அப்படியே சரிந்தார். வாடிக்கைக்காரர்கள்தான் தூக்கி வண்டியில் ஏற்றினார்கள்.

மருத்துவர் அந்த இடத்து முடியைச் சிரைத்துவிட்டுப் பார்த்தார். தோலில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரல் வரைக்கும் போயிருந்தது. இத்தனை நாள் யாருமே இதைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். ஓடிவந்திருந்த மகள் என் பக்கம் திரும்பினாள். படுக்கையில் இருந்து அண்ணிதான் பேசினார்.

“அவள ஏன் பாக்குற? அவ கண்ணுல பட்டிருந்தா விட்டிருப்பாளா?”

என் கையைத் தேடினார். கொடுத்தேன். பிடித்துக்கொண்டே கிடந்தார். அதன்பின் அதிக நாள் இருக்கவில்லை.

உங்களிடம் நான் வந்து உட்காரக் காரணம் அந்த ஆசிரியைதான். நல்ல மனுஷி. துக்கம் கேட்க வந்தவர், மகளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று தன் கதையைச் சொன்னார். உங்க அத்தை கண்ணுக்கு எதுவும் தப்பாது, என் உயிரே அவங்க போட்ட பிச்சை என்றார். மகள் கையிலிருந்த தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தாள். வாசல்வரை போய் அவரை வழியனுப்பினாள். கதவைச் சாத்திவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

“தெரிஞ்சுதான் மறைச்சியா?”

விளக்க வாயெடுத்தேன். வேண்டாம் என்று கையை உயர்த்திவிட்டாள். அவள் என்னை விளக்கவிடாதது அதுதான் முதல் தடவை. நேராக ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டாள்.

நான் எதையும் சுற்றி வளைக்கவில்லை, மேடம். பார்த்தேன். என்னவென்று தெரிந்தது. சொல்லியிருந்தால் ஆசிரியையைப் போல அவரும் பிழைத்திருப்பார் என்பதும் தெரிந்தது. வாராவாரம் என் கையாலேயே மூடி மறைத்தேன். சாகட்டும் என்றுதான் விட்டேன் என்று நீங்கள் சொல்வீர்களானால், வார்த்தைக்காக நான் சண்டை போடப்போவதில்லை. காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று மட்டும் விட்டுப்போகக் கூடாது. அன்றைக்கு அந்த மருத்துவரிடம் நானும் ஒரு கேள்வி கேட்டேன். மூலிகைப் பொடியால் இது வந்திருக்குமா என்று. இல்லை, பொடிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். மகளும் பக்கத்தில்தான் நின்றாள், கேளுங்கள். நான் ஆரம்பத்திலிருந்தே நினைத்தது சரியாகத்தான் இருந்தது. எத்தனையோ மாதங்களாக நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அந்த நிமிஷம் இறங்கியது.

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நாளைக்குக் கடையைத் திறந்ததும் ஆட்கள் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.