ஒரு ஸ்வரம் கீழே

இந்தப் பேச்சை எனக்குச் சொன்னவர், மின்சாதனங்களைப் பழுதுபார்க்கும் கடையொன்றில் மிக்ஸியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்த ஒரு பெண்மணி. சென்ற மழைக்காலத்தின் தொடக்கத்தில், பல் மருத்துவர் ஒருவரின் முன்னறையில், அவர் முறை வருவதற்குள் சொல்லி முடித்தார். கடையில் அவரிடம் பேசியவர் அறுபதைக் கடந்த ஒரு பியானோ ஆசிரியர். பெண்மணிக்கு முன்பின் தெரியாதவர். கடைக்காரர் ஏதோ சாமான் வாங்க வெளியே போயிருந்தார். மேசைமேல் ஒரு பழைய டேப் ரெக்கார்டர் இருந்தது. தாம் உள்ளே நுழைந்தபோதே பேச்சு பாதி ஆகியிருந்தது என்றும், அதுவரை ஆசிரியர் மேசையோடு பேசிக்கொண்டிருந்திருக்க வேண்டும் என்றும் பெண்மணி கருதுகிறார். அவர் சொன்னபடியே தருகிறேன்.

...சுத்தம் பண்ணத்தானேம்மா குடுத்தது? சுத்தம்னா என்ன, தூசி தட்டறது. ஒரு துணிய எடுத்து ரெண்டு தொட தொடைக்கறது. வேகத்த மாத்துன்னு இவருகிட்ட யாரு கேட்டா? உக்காருங்க, நீங்க உக்காருங்க, அவரு இப்ப வரமாட்டாரு. என்ன, மிக்ஸியா? சுத்தலையா? பாருங்க, உங்களுக்கு சுத்தலைங்கறது கவலை. எனக்கு சுத்தறதுதான் கவலை.

இன்னிக்கு சாயங்காலம் என் தங்கச்சி வர்றா. இந்த டேப்பக் கேக்கறதுக்குன்னே வர்றா. கேட்டான்னா முடிஞ்சுது... இத்தன வருஷமா நான் சொன்னது, எழுதினது, சொல்லிக் குடுத்தது, எல்லாம் போச்சு.

சொல்றேன், இருங்க. முந்நூறு வருஷத்துக்கு முந்தின சங்கீதம் அது. பரோக்னு சொல்லுவாங்க. அத எழுதினவங்களுக்கு பியானோன்னா என்னன்னே தெரியாது. அவங்க வீட்ல இருந்தது ஹார்ப்சிகார்டு. பாக்கறதுக்கு பியானோவோட ஒண்ணுவிட்ட அண்ணன் மாதிரி இருக்கும், ஆனா உள்ள கம்பியச் சுண்டும். மெல்லத் தொட்டாலும் ஓங்கிக் குத்தினாலும் ஒரே சத்தந்தான். டிங்குனு கேக்கும், போயிடும். அந்தச் சரக்க இப்ப நாம பியானோவுல வாசிக்கறோம். எப்படி வாசிக்கறது? எந்த வேகம்? எழுதின மனுஷன் ஒரு வார்த்த குறிச்சு வெச்சாரா? இல்ல. குறிச்சிருந்தா எங்க வீட்ல எல்லாரும் நிம்மதியா காபி குடிச்சிட்டிருப்போம்.

தங்கச்சியும் பியானோ டீச்சர்தான். ரெண்டு தெரு தள்ளி இருக்கா. என்கிட்ட கோவிச்சுக்கிட்டுப் போற பிள்ளைங்க அவகிட்ட போய்ச் சேருவாங்க, அவகிட்ட கோவிச்சுக்கறது என்கிட்ட வரும். அப்படியே ஓடுது பொழப்பு. அவ கட்சி என்னன்னா, இது நடன மெட்டு, ஆடறதுக்கு எழுதினது, அதனால துள்ளிக்கிட்டு போகணும். சத்தத்த நீட்டற பெடலக் காலால தொடக்கூடாது. ஒவ்வொரு ஸ்வரமும் தனித்தனியா நிக்கணும். நின்னா எப்படி இருக்கும்? கோர்ட்டு வாசல்ல மனு டைப் அடிச்சுக் குடுக்கறாங்களே, அப்படி இருக்கும். இந்த மிக்ஸியில மூணு வேகம் இருக்குல்ல... அவ மூணாவதுலதான் ஆரம்பிப்பா. அதுவும் மூடி போடாம.

நான் நிதானம். பெடல் கொஞ்சூண்டு, பொட்டு வெச்ச மாதிரி. அந்தக் காலத்து ஆளுக்கு நீட்டிப் பாடற வாத்தியம் இல்ல, நமக்கு இருக்கு, அத எதுக்கு வாயக் கட்டணும்? இதுக்கு அவ சொல்றா... என் மாணவங்க இருக்காங்க, அவங்களப் பெத்தவங்க இருக்காங்க, எல்லார் முன்னாடியும் சொல்றா: "அண்ணா, உன் வேகத்துல ஒருத்தன் ஆடினான்னு வையி, தூக்கின கால அவன் கீழ வெக்கறதுக்குள்ள அவனுக்குக் கல்யாணமாகி குழந்த பொறந்துடும்." என் வீட்டுக்காரி சிரிக்கறா. ஏன்னு கேட்டா, வெறும் இருமலாம்.

பெடலப் பத்தி வேற பேசுவா. நான் வாசிச்சா குளியலறையில யாரோ அழற மாதிரி இருக்காம். சரி, விடுங்க.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரே டீச்சர். டீச்சரம்மா போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க நினைவா வர்ற ஞாயித்துக்கிழமை கச்சேரி. ரெண்டு பியானோ, எதிரும் புதிருமா, அண்ணனும் தங்கச்சியும் சேர்ந்து வாசிக்கறோம். அந்த நடன மெட்டுதான், டீச்சருக்கு அது உசுரு. ஒத்திகை பாத்தோம். நான் கடைசிப் பக்கத்தத் திருப்பறேன், எதிர்த்தாப்புல சத்தமே இல்ல. எட்டிப் பாக்கறேன். அவ வாசிச்சு முடிச்சுட்டு கைப்பையில சாவியத் தேடிக்கிட்டிருக்கா.

அப்புறம் என்ன, சண்டைதான். நீ தனியா வாசின்னுட்டா அவ, நான் வாசிக்கவே மாட்டேன்னேன். ரெண்டு நாள் பேச்சுவார்த்த இல்ல. எனக்குத் தூக்கமில்ல. டீச்சருக்குன்னு வெச்ச கச்சேரியில நான் உக்காராம இருக்க முடியுமா? அதனால நானே போன் பண்ணி, என்கிட்ட டேப் இருக்குன்னேன். டீச்சரே வாசிச்சது. அது என்ன வேகமோ அதுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படணும்னேன். அவளும், "சரிண்ணா, டீச்சர் சொன்னா சரி"ன்னுட்டா.

ஏன் அவ்வளவு தைரியமா சொன்னேன்? ஏன்னா டேப் என் பக்கம். நான் அத எத்தன தடவ கேட்டிருப்பேன்! என்ன நிதானம், என்ன நிதானம்... ஒரு ஸ்வரத்துக்கும் அடுத்த ஸ்வரத்துக்கும் நடுவுல எந்திரிச்சுப் போய் ஜன்னல சாத்திட்டு வரலாம். இன்னொண்ணு சொல்றேன், இது விஷயம் தெரிஞ்சவங்களுக்குத்தான் புரியும். அந்தக் காலத்துல சுருதியே இப்ப இருக்கறதவிடக் கீழ. டேப்புல கேட்டா மொத்த மெட்டும் சரியா ஒரு ஸ்வரம் கீழ இருக்கும். அதாவது, டீச்சரம்மா பியானோவோட சுருதியவே இறக்கி வெச்சு, பழைய முறைப்படி வாசிச்சிருக்காங்க. யாருகிட்டயும் ஒரு வார்த்த சொல்லல. அவ்வளவு அடக்கம்.

நான் இதப் பத்தி கட்டுரையே எழுதினேன், சங்கீத சபா மலர்ல. 'தாழ்ந்த சுருதியும் தாழாத நிதானமும்'னு தலைப்பு. அத மேற்கோள் காட்டி இன்னொருத்தர் எழுதினாரு. அவர மேற்கோள் காட்டி நான் மறுபடி எழுதினேன்.

குரலும் அப்படித்தான். டீச்சர் நேர்ல பேசினா கீச்சுனு இருக்கும், பிரஷர் குக்கர் கெட்டுது போங்க. டேப்புல ஆரம்பத்துல ரெண்டு வார்த்த பேசுவாங்க பாருங்க... ஜட்ஜு தீர்ப்பு வாசிக்கற மாதிரி. அவ்வளவு கனம். சங்கீதத்துல முங்கி எழுந்தா மனுஷங்களுக்கு குரல் கூட எறங்கிடும்போல இருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அதையும் கட்டுரையில அடிக்குறிப்பாப் போட்டேன்.

இந்த லட்சணத்துல என் வீட்டுக்காரி என்ன பண்ணினா? நல்லது பண்றேன்னு, தங்கச்சி வர்றாளே, மெஷின் தூசியும் தும்புமா இருக்கேன்னு, என்னைக் கேக்காம இங்க கொண்டாந்து குடுத்துட்டா. காலையில வந்து போட்டுப் பாக்கறேன்... டீச்சர் கீச்சுங்கறாங்க. மெட்டு ஓடுது. துள்ளிக்கிட்டு ஓடுது. அச்சு அசலா என் தங்கச்சி. சுருதி மேல ஏறி, நம்ம வீட்டு பியானோ சுருதிக்கு வந்து நிக்குது. முப்பது நிமிஷம் சுத்தம் பண்ணி ஒரு பரம்பரையவே அழிச்சுட்டாரும்மா இந்த மனுஷன்.

கேட்டா, "ஒண்ணும் பண்ணல சார், டேப்பச் சுத்தற பெல்ட்டு மாத்தினேன்"ங்கறாரு. "உள்ள ஒரு ரப்பர் பேண்டு கெடந்துது சார், தொளதொளன்னு"ன்னு சொல்லிட்டு சிரிக்கறாரு வேற. எனக்குத் தெரியாதா? போட்டதே நான்தானே. ஒரிஜினல் பெல்ட்டு எப்பவோ அறுந்துபோச்சு. அன்னிக்குன்னு கடையெல்லாம் அடைப்பு. பரீட்சைப் பேப்பர் கட்டுல ஒரு ரப்பர் பேண்டு இருந்துச்சு, எடுத்து மாட்டினேன், பாடிச்சு. பாடிச்சுன்னா எப்படி? அன்னிக்குத்தான் முதல் தடவையா அந்த நிதானத்தக் கேட்டேன். உடம்பு சிலுத்துப்போச்சு.

அதுக்கு முன்னாடியா... முன்னாடியும் கேட்டிருக்கேன். அப்ப ஓட்டமாத்தான் இருந்துச்சு. அது ஏன்னா, பெல்ட்டு அறுந்துபோற நிலைமையில இருந்துச்சுல்ல. தறிகெட்டு ஓடியிருக்கும். அப்படி ஓடினதாலதானே அறுந்துச்சு?

ஏன் அப்படிப் பாக்கறீங்க?

இல்ல, நீங்க நெனைக்கறது எனக்குப் புரியுது. என் வீட்டுக்காரியும் காலையில என்கூட வந்து கேட்டுட்டு இப்படித்தான் பாத்தா. ஒண்ணு கேட்டுக்கங்க. டேப்போட ஆரம்பத்துல டீச்சர் பேசறாங்கன்னு சொன்னேன்ல, என்ன சொல்றாங்க தெரியுமா? "சீக்கிரம் வாசிச்சுடறேன்ப்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு." இதான் சொல்றாங்க. அப்ப நான் என்ன முடிவுக்கு வந்தேன்? பஸ்ஸப் புடிக்கற அவசரத்துலயே இவ்வளவு நிதானம்னா, சாவகாசமா உக்காந்தா எப்படி வாசிச்சிருப்பாங்கன்னு இன்னும் கொஞ்சம் கொறச்சேன். சரி, இப்ப பெல்ட்டு மாத்தினதுதான் நெசம்னே வெச்சுக்குவோம். அப்பவும் அது பஸ்ஸுக்கு ஓடற வேகந்தானே? சங்கீதத்தோட வேகமா அது? பஸ்ஸு வேகம். என் தங்கச்சி இத்தன வருஷமா பஸ்ஸுக்கு வாசிச்சிட்டிருக்கா. இத அவகிட்ட சொல்லலாம். சொன்னா ஒத்துக்குவாளா? "அந்த டேப்புக்குத்தானே கட்டுப்படறேன்னு சொன்ன"ன்னுவா. சொன்னேனே. நானே போன் பண்ணி சொன்னேனே.

அவ வேகத்துல எனக்கு வாசிக்க வராதுன்னு இல்லம்மா. வரும். சின்ன வயசுல அவளவிட நான்தான் வேகம், டீச்சரே சொல்லியிருக்காங்க. இப்ப இந்த விரலு ரெண்டும், இதோ, இந்த மோதிர விரலும் சுண்டு விரலும் காலையில மரத்துப்போகுது. வெந்நீர்ல வெச்சு எடுத்தா சரியாப் போயிடும். மத்தியானம் வரைக்கும் சரியா இருக்கும். கச்சேரி சாயங்காலம். அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. நான் கொள்கையப் பத்திப் பேசறேன்.

அதான் அவர அனுப்பியிருக்கேன். பழைய ரப்பர் பேண்டத் தேடிக் குடுங்கன்னா, குப்பையில போட்டுட்டேன்னாரு. குப்பையில நானே பாத்துட்டேன், இல்ல. புதுசு வாங்கிட்டு வாங்கன்னேன், ஆனா இறுக்கமா வாங்கிடாதீங்கன்னேன். தொளதொளன்னு வேணும்னு கடையில எப்படிக் கேக்கறதுன்னு முழிச்சுக்கிட்டே போனாரு. கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா போச்சும்மா. கொஞ்சம் இறுகினா அரை ஸ்வரம்தான் எறங்கும். ரொம்பத் தளர்ந்தா டீச்சர் ஆம்பளையாயிடுவாங்க.

இந்தாங்க... உங்க மிக்ஸி வயரச் சுத்தி ஒண்ணு போட்டிருக்கீங்களே. அது ரப்பர் பேண்டுதானே? பழசுதானே? கொஞ்சம் இழுத்துக் காட்டுங்களேன்...

பெண்மணி சொல்லும் வடிவம் இந்த இடத்தில் நிற்கிறது. கைப்பேசி அடித்ததாகப் பாவனை செய்து, மிக்ஸியை அணைத்துக்கொண்டு தாம் வெளியேறிவிட்டதாகவும், வயர் வழியெல்லாம் தரையில் இழுபட்டு வந்ததாகவும் சொன்னார். ரப்பர் பேண்டை எங்கே விட்டீர்கள் என்று கேட்டேன். தெரியாது என்றார்.

கடைக்காரர் சொல்வது: அவர் வெறுங்கையோடு திரும்பியபோது மேசைமேல் ஒரு பழைய ரப்பர் பேண்டு இருந்தது, வாடிக்கையாளர் கேட்டுக்கொண்டதால் மாட்டிக் கொடுத்தார், புதிய பெல்ட்டைக் காகிதத்தில் சுற்றிக் கூடவே தந்தார்.

தங்கையின் மாணவர்களிடையே இக்கதை மேலும் சிறிது நீள்கிறது. அன்று மாலை தங்கை டேப்பைக் கேட்டார். கேட்டுக்கொண்டே எழுந்து போய் பியானோவில் ஒரு கட்டையை அமுக்கினார். டேப் ஒரு ஸ்வரம் கீழே இருந்தது. மறுபடி அமுக்கிப் பார்த்தார். அண்ணன் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் கைகளை விட்டபடி உட்கார்ந்திருப்பதையும் பார்த்தார். "நீ சொன்னதுதாண்ணா சரி. டீச்சர் நிதானமாத்தான் வாசிச்சிருக்காங்க" என்று சொல்லிவிட்டுத் தங்கை பியானோ முன் உட்கார்ந்தார்.

அண்ணனின் மாணவர்கள் இதை மறுக்கிறார்கள். ஆசிரியர் வழியிலேயே ரப்பர் பேண்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பெல்ட்டை மாட்டிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனார் என்பதும், ஞாயிற்றுக்கிழமை இரண்டு விரல்களை விட்டுவிட்டு மற்றவற்றால் தங்கைக்கு ஈடுகொடுத்து ஓடினார் என்பதும் அவர்கள் கூற்று.

நான் கேட்ட வடிவங்கள் எல்லாமே, கச்சேரியில் இருவரும் கடைசி ஸ்வரத்தை ஒன்றாக அமுக்கினார்கள் என்பதில் ஒத்துப்போகின்றன. எந்த வேகத்தில் என்று கேட்டால், அரங்கில் இருந்தவர்களே இன்றும் இரு பிரிவாகச் சண்டையிடுகிறார்கள்.