நான்காம் வகுப்பு கியாரி லோம்பாரின் வருகைப் பதிவு குறித்து

பெயர்: ஆல்சீட் ஓசான். வயது: 71. தந்தை பெயர்: மர்செல் ஓசான், காலஞ்சென்றவர். முகவரி: 1418, பெல்ஃபோர் தெரு, நியூ ஆர்லியன்ஸ். வேலை: மார்டெல் சதுக்க சார்ட்டர் பள்ளியில் வருகைப் பதிவாளர். ஜூலை 9, புதன்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை அதிகாரி டெனிஸ் ஃபோஷே கேட்க, வக்கீல் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நானாக முன்வந்து கொடுக்கும் வாக்குமூலம்.

நான் மேற்படி முகவரியில் தனியாக வசித்து வருகிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். முப்பத்தொரு வருடம் துறைமுகத்தில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலை பார்த்தேன். இறங்குவதை ஒருவர் உரக்கச் சொல்வார், காதில் விழுந்ததை நான் எழுதுவேன். எழுதப் படிக்கப் பழகியதும் அந்தச் சீட்டுகளில்தான். அதன் பிறகு பதினொரு வருடமாக இந்தப் பள்ளியில் இருக்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஆசிரியர்கள் வருகை எடுப்பதில்லை. அவர்கள் அடிக்கடி மாறுகிறவர்கள், புதிதாக வருபவர்களுக்கு எங்கள் பிள்ளைகளின் பெயர் வாயில் நுழைவதில்லை. ஆகையால் தினமும் காலையில் நானே நோட்டை எடுத்துக்கொண்டு வகுப்பு வகுப்பாகப் போய்ப் பெயர் கூப்பிடுவேன். அதன் பிறகு அலுவலகத்தில் உட்கார்ந்து கணினியில் ஏற்றுவேன். மாதக் கடைசியில் தலைமை ஆசிரியை வனெட்டா டுப்ளெசி அதில் கையெழுத்துப் போடுவார். என்னை நம்பிப் போடுவாரே தவிர, ஒருநாளும் சரிபார்த்ததில்லை.

சார்ட்டர் பள்ளி என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை கல்வி வாரியம் மதிப்பிட்டு உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடவேண்டியதுதான். சென்ற வருடம் எங்கள் மதிப்பெண் 48.6. இந்த வருடம் ஐம்பது வேண்டும் என்று அக்டோபரில் கடிதம் வந்தது. அதன் பிறகு வாரியத்திலிருந்து விட்லாக் என்ற மதிப்பீட்டாளர் இரண்டு பேருடன் வந்து மூன்று நாள் வகுப்புகளின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். பள்ளிச் சமையல்காரி எர்லீன் அவருக்குச் சிவப்பு பீன்ஸும் சோறும் போட்டுவிட்டு, "இதுக்கும் மார்க்கு போடுவீங்களா சார்? குறைச்சுப் போட்டீங்கன்னா நாளைக்கு உப்பு கூடிப்போகும், சொல்லிட்டேன்" என்றாள். அவர் சிரித்தார். அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை.

ஜனவரியில் எர்லீன், திருவிழாக் காலத்தில் இந்த ஊரில் எல்லோரும் வெட்டும் ராஜா கேக்கின் மேல் சர்க்கரைப் பாகால் 50 என்று எழுதினாள். ஒன்றாம் வகுப்புக் குழந்தைக்குக்கூட அந்த எண் தெரியும்.

பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை காலை, நான்காம் வகுப்பு கியாரி லோம்பார், வயது ஒன்பது, பள்ளி பஸ்ஸுக்குக் காத்திருந்த இடத்தில் மூச்சிரைப்பு வந்து, ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் இறந்துவிட்டாள். மூச்சு மருந்து புத்தகப் பையின் அடியில் இருந்தது. சனிக்கிழமை அடக்கம் நடந்தது. பேண்டு வாசித்தார்கள். அவள் வகுப்பு முழுவதும் பள்ளிச் சீருடையில் பின்னால் நடந்தது.

திங்கட்கிழமை நான்காம் வகுப்புக்குப் போய்ப் பெயர் கூப்பிட்டேன். நோட்டில் லாண்ட்ரி என்ற பெயருக்கு அடுத்தது லோம்பார். அதைத் தாண்டி அடுத்த பெயரைச் சொன்னேன். முதல் வரிசையிலிருந்து ஒரு பெண், "ஐயா, கியாரியை விட்டுட்டீங்க" என்றாள். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "கியாரி லோம்பார்" என்று கூப்பிட்டேன். அதன் பிறகு வகுப்பு முழுவதும் ஒரே குரலில் "உள்ளேன் ஐயா" என்றது. யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நோட்டில் வந்ததாகக் குறித்தேன். கணினியிலும் அப்படியே ஏற்றினேன். அன்றிலிருந்து மே கடைசி வரை அறுபத்தொரு நாள் அப்படித்தான் நடந்தது.

அவள் தாய் ட்ரினெட் இதைக் கேள்விப்பட்டு அந்த வாரமே வந்து கதவோரம் நின்று கேட்டாள். அதன் பிறகு வாரம் ஒருமுறை, வேலைக்குப் போகும் வழியில் வந்து நிற்பாள். ஒருநாள் நடையில் என்னை நிறுத்தி, "பேரை எடுத்துடாதீங்க ஐயா. லீவு விடுற வரைக்குமாவது இருக்கட்டும். வீட்ல அவ பேரைச் சொல்லக்கூட ஆளில்லை" என்றாள். "எடுக்க மாட்டேம்மா, நீ வேலைக்குப் போ" என்றேன். பெயரை நீக்க இறப்புச் சான்றிதழின் நகல் வேண்டும். அதை நான் அவளிடம் கேட்கவே இல்லை.

மார்ச் 20 அன்று வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. தேர்வுப் பட்டியலில் உள்ள பெயர்களைச் சரிபார்த்து, ஏப்ரல் 4க்குள் திருத்தி அனுப்பவேண்டும் என்று இருந்தது. படித்தேன். புரிந்தது. மேசை இழுப்பறையில் வைத்தேன். இறந்த குழந்தைக்கு யாரும் தேர்வு வைக்கமாட்டார்கள், வினாத்தாள் கட்டை அவர்களே திருப்பி எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். அது என் தப்பு.

ஏப்ரல் கடைசியில் நான்கு நாள் தேர்வு நடந்தது. பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள். வராத பெயர்கள் கணினியில் தாமாகவே பதிவாகும் என்று சொன்னதால் அவள் தாளைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

ஜூன் 12 அன்று மதிப்பெண் வந்தது. 49.7. தேர்வுப் பட்டியலில் நூற்றைம்பது பேர். எழுதாதவர் ஒருவர். எழுதாதவருக்குப் பூஜ்யம் போட்டுச் சராசரி எடுப்பது விதி. அந்தப் பெயரை எடுத்துவிட்டால் 50.03 வருகிறது. நான் ஏழு தடவை காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

அதன் பிறகு டுப்ளெசி அம்மையார் மேல்முறையீடு செய்தார். ஜூன் 24 அன்று வாரியத்தில் நடந்த விசாரணையில் அந்தப் பிள்ளை பிப்ரவரியிலேயே இறந்துவிட்டது என்று எடுத்துச் சொன்னார். ட்ரினெட் எழுந்து, மடித்துக் கைப்பையில் வைத்திருந்த சான்றிதழை மேசைமேல் விரித்துக் கையால் தேய்த்து மடிப்பை நீக்கினாள். விட்லாக் அதைப் படித்தார். அதன் பிறகு தன் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து, தயங்கித்தான் சொன்னார்: "அம்மா, தேர்வு நடந்த நாலு நாளும் இந்தப் பிள்ளை வந்திருந்ததா உங்க பள்ளியே எழுதியிருக்கு. கீழே உங்க கையெழுத்து இருக்கு."

டுப்ளெசி அம்மையார் அந்தத் தாளை அப்போதுதான் முதல்முறையாகப் படித்தார். படித்துவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எழுந்து, "அது என் கை எழுதுனது, அந்தம்மாவுக்குத் தெரியாது" என்றேன். வாரியத் தலைவர் என்னை உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. காவலர் வந்து வெளியே கூட்டிப்போனார். திருத்தும் காலம் முடிந்துவிட்டது, பள்ளியின் பதிவுகளை நம்ப முடியாது என்று சொல்லி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள். பொய்ப் பதிவு என்று டுப்ளெசி அம்மையார் மேல் புகாரும் கொடுத்தார்கள். அதற்காகவே இங்கே வந்திருக்கிறேன்.

பதிவு உண்மையல்ல என்று தெரியுமா என்று அதிகாரி கேட்டார். அடக்கத்தில் பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன், எனக்குத் தெரியாதா. கூப்பிட்டேன், பதில் வந்தது, கேட்டதை எழுதினேன். வாரியத்திடம் நான் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. டுப்ளெசி அம்மையாரிடம் கேட்டுவிட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே ஆல்சீட் ஐயா" என்று மட்டும் சொன்னார். சொல்லியிருந்தால் பெயரை நீக்கியிருப்பார், பள்ளி இருந்திருக்கும். மற்றப் பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை.

கடைசியாக ஒன்று, அதிகாரி கேட்காதது. சென்ற வாரம் மூன்று நாள் உட்கார்ந்து, பள்ளியில் மிச்சமிருந்த இருநூற்றுப் பதினோரு பிள்ளைகளுக்கும் மாற்றுச் சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். ஒவ்வொன்றிலும் அடுத்துச் சேரும் பள்ளியின் பெயரை நிரப்பினேன். வெள்ளிக்கிழமை சுதந்திர தின விடுமுறை, ஆனாலும் கதவைத் திறந்து வைத்திருந்தேன். எல்லோரும் போனபிறகு ட்ரினெட் வந்தாள். "எல்லாப் பிள்ளைக்கும் குடுத்தீங்க. அவளுக்கும் ஒண்ணு குடுங்க ஐயா" என்றாள். எழுதினேன். பெயர், வகுப்பு, பிறந்த தேதி எல்லாம் போட்டேன். பள்ளியை விட்ட நாள் பிப்ரவரி 11 என்று எழுதினேன். ஐந்து மாதத்தில் அந்தத் தேதியை நான் எழுதியது அதுதான் முதல்தடவை. சேரும் பள்ளி என்ற இடத்தை நிரப்பாமல் விட்டு, முத்திரை குத்திக் கொடுத்தேன். நிரப்பாத சான்றிதழில் முத்திரை குத்துவதும் குற்றம். அதையும் என் பெயரில் சேர்த்துக்கொள்ளவும்.

இதைப் படித்துக் காட்டுவதாகச் சொன்னார்கள், நானே வாங்கிப் படித்தேன். "கவனக்குறைவால் ஏற்றிவிட்டேன்" என்று தட்டச்சாகியிருந்த ஒரு வரியை அடித்துவிட்டு ஓரத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன். மீதியெல்லாம் நான் சொன்னபடியே இருக்கிறது, நடந்ததும் அப்படியே. யாரும் மிரட்டவில்லை, யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

(ஒப்பம்) ஆல்சீட் ஓசான்
வருகைப் பதிவாளர்

என் முன்னிலையில்: டெனிஸ் ஃபோஷே, விசாரணை அதிகாரி