சாம்ராஜ் வேகமாகப் போகவில்லை

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் சுந்தரபாண்டியன் அவர்களே, ஜெபம் செய்து இந்தக் கூட்டத்தைத் தொடங்கிவைத்த போதகர் அய்யா அவர்களே, அரைநாள் விடுப்புப் போட்டு வந்திருக்கும் தீப்பெட்டி ஆபீஸ் தோழர்களே, கழுகுமலையிலிருந்தும் எப்போதும்வென்றானிலிருந்தும் வந்திருக்கும் வண்டி நண்பர்களே, முன்வரிசையில் இருக்கும் சாம்ராஜின் தாயார் நேசம்மாள் அம்மா, மனைவி தங்கச்சி ரூபி, மகள் ஜீனா, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் வன்னியபெருமாள். கோவில்பட்டியில் நாற்பத்தைந்து வருடமாக லேத்துப் பட்டறை நடத்துகிறவன். நம் பழைய மோட்டார் சைக்கிள் அன்பர்கள் சங்கத்துக்குத் துணைத்தலைவர் என்று ஒரு பதவியும் கொடுத்திருக்கிறீர்கள். தலைவர் எனக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். நான் கூடுதலாக எடுப்பேன். துண்டுச்சீட்டு வந்தாலும் இறங்க மாட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நம் செயலாளர் சாம்ராஜ் அவர்கள் மறைந்து இன்றோடு பத்தொன்பது நாள். நாற்பத்து மூன்று வயது. சாகிற வயதா அது? தீப்பெட்டி ஆபீஸில் மெஷின் பிட்டர் வேலை, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை, மற்ற நேரமெல்லாம் வீட்டுப் பின்பக்கத்துத் தகரக் கொட்டகை. இதுதான் அவர் வாழ்க்கை. அந்தக் கொட்டகையில்தான், முப்பது நாற்பது வருடத்துக்கு முந்திய வண்டிகளுக்கு இன்றைய ரேஸ் வண்டிகளின், முன் சக்கரத்தைப் பிடிக்கிற போர்க்கும் டிஸ்க் பிரேக்கும் போட்டு, மறுபடியும் ரோட்டில் இறக்கிவிட்டார். இந்த மண்டபத்து வாசலில் நிற்கிற வண்டிகளில் அவர் கை படாத வண்டி எத்தனை? எழுந்துபோய் எண்ணிப் பாருங்கள். ஒரு கை விரல் போதும்.

தங்கச்சாமி இங்கே இருக்கிறார். ஊர் ஊராய்ப் போய் விதை விற்கிறவர். அவர் அப்பா ஓட்டிய பழைய வண்டிதான் அவருக்குப் பிழைப்பு. மழைக்காலத்தில் நம் கரிசல் சகதி அந்தப் பழைய டிரம் பிரேக்குக்குள் போய்விட்டால், பிரேக்கை மிதித்தாலும் ஒன்றுதான், மிதிக்காவிட்டாலும் ஒன்றுதான். இரண்டு தடவை மாட்டின் மேல் போய் முட்டினார். சாம்ராஜ் அவர்கள், எங்கோ அடிபட்டுக் கிடந்த புது வண்டியின் முன்பக்கத்தை அப்படியே வாங்கி வந்து அதில் பொருத்தினார். புது வண்டியின் மட்கார்டு டயரை ஒட்டி உட்காரும். அதை அப்படியே மாட்டினால் கரிசலில் நூறு அடி போவதற்குள் சகதி அப்பிச் சக்கரம் நின்றுவிடும். டவுன் பையன்கள் மாட்டிக்கொண்டு போய், வண்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். சாம்ராஜ் அதை உயர்த்திவைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவில் கைமுட்டியை விட்டுப் பார்ப்பார். முட்டி புகுந்தால்தான் வண்டி வெளியே போகும். தங்கச்சாமி அதற்குப் பிறகு எந்த மாட்டையும் முட்டவில்லை.

ஒருநாள் நான் கேலியாகக் கேட்டேன், கிழட்டு வண்டிக்கு ரேஸ் சாமான் எதற்கு என்று. அவர் சொன்ன பதில்: "அண்ணாச்சி, வேகத்தக் கூட்டுறதுக்கு ஆயிரம் பேரு இருக்கான். நான் நிப்பாட்டுறதுக்குத்தான் வேலை செய்யுதேன்."

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால், இந்த மனிதர் வேகமாகப் போய்ச் செத்தார் என்றுதான் இன்று ஊர் பேசுகிறது. காவல் நிலையத்துத் தாளில் அதிவேகம், கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறது. டீக்கடையில் அதற்கு மேலும் பேசுகிறார்கள். அன்று காலை ஆராதனை முடிந்து வந்ததும், வண்டியை எடுக்க வேண்டாம் என்று ரூபி சண்டை போட்டதாம். "இந்த வண்டியிலதான் ஒருநாள் செத்து வரப்போறீய" என்று சொன்னதாம். அந்தக் கோபத்தில்தான் அவர் முறுக்கிக்கொண்டு போனாராம். ரூபி அப்படிச் சொன்னது உண்மை. எந்தப் பெண்சாதி சொல்லாதவள்? ஆனால் அன்றிலிருந்து நேசம்மாள் அம்மா மருமகள் முகத்தைப் பார்ப்பதில்லை. இப்போதும் பாருங்கள், இருவருக்கும் நடுவில் ஜீனா உட்கார்ந்திருக்கிறாள்.

வீட்டு விஷயத்தை மேடையில் பேசலாமா என்று தலைவர் என்னைப் பார்க்கிறார். ஊரே பேசுகிறது. நான் பேசினால் மட்டும் தப்பா?

அவர், இவர் என்று இனி என்னால் பேச முடியாது. எனக்கு அவன் சாம்ராஜ். அந்த வண்டி அவன் அப்பா யோவான் ஓட்டியது. ஊரார் வண்டிகளையெல்லாம் முடித்துவிட்டு, கடைசியாகத்தான் தன் வண்டியில் கை வைத்தான். வண்டி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முன் சக்கரம், போர்க், ஹேண்டில்பார் எல்லாவற்றையும் வண்டியின் கழுத்தோடு சேர்த்துப் பிடிப்பது ஒரே ஒரு இரும்புத் தண்டு. அதன் அடியில் போர்க்கைக் கவ்விப் பிடிக்கிற ஒரு துண்டு இருக்கும், அதை டி என்போம். புது வண்டியின் டி பழைய வண்டியின் கழுத்துக்குச் சேராது. அதற்குத் தகுந்தாற்போல் ஒரு தண்டு புதிதாகக் கடைய வேண்டும். அதை எல்லோருக்கும் கடைந்து கொடுப்பது நான்.

அந்தத் தடவை என் பட்டறையில் கம்பி தீர்ந்திருந்தது. சாம்ராஜ் சொன்னான், "மதுரையில இருந்து நல்ல கம்பியா வரவழைப்போம் அண்ணாச்சி, நாலு நாள் ஆவும், ஆவட்டும்." நான் சிரித்தேன். "ஏலே, தீப்பெட்டி மெஷின் ஷாப்ட் கெடக்கும்போது மதுரைக் கம்பி எதுக்குலே?" என்றேன். இந்த ஊர் லேத்துக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் கர்வம் உண்டு. கழித்துப் போட்ட தீப்பெட்டி மெஷின் ஷாப்டைப் போல உறுதியான இரும்பு உலகத்திலேயே கிடையாது என்று சொல்வோம். கிணற்று உருளைக்கும் அதுதான், டிராக்டரோடு டிரெய்லரைக் கோக்கிற முள்ளுக்கும் அதுதான். முப்பது வருடம் ஓடியும் தேய்ந்திருக்காது. தேயாத இரும்பு ஒடியவும் ஒடியாது என்று நினைத்துக்கொண்டோம். நான் நினைத்துக்கொண்டேன்.

நீளமான ஷாப்ட். இரண்டு தண்டு கடைந்தேன். ஒன்று சாம்ராஜுக்கு. இன்னொன்று, அதே மாதிரி வண்டி வேண்டும் என்று ஆசைப்பட்ட நம் சக்திகுமாருக்கு. தண்டின் அடியில், டி நகராமல் இருக்க ஒரு வளையம் பற்றவைக்க வேண்டும். அந்த மாதிரிக் கடின இரும்பில் பற்றவைத்தால், உடனே எடுத்துச் சாம்பலில் புதைத்து, தானாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் தண்ணீரில் போட்டால் பற்றவைத்த இடம் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், ஒருநாள் பட்டென்று விட்டுவிடும். இது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பட்டறைக்கு வந்த முதல் மாதமே எல்லோரும் தெரிந்துகொள்வது.

அன்று மணி இரண்டே கால். எனக்குப் பசி. வீட்டில் நெத்திலிக் குழம்பு வைத்திருந்தார்கள். இரண்டு தண்டையும் இடுக்கியில் பிடித்துத் தண்ணீர் வாளியில் முக்கினேன்.

சாம்ராஜ் பக்கத்தில்தான் நின்றான். "சாம்பல்ல போடலியா அண்ணாச்சி?" என்று கேட்டான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நீ பொறக்கதுக்கு முந்தி இருந்து நான் லேத்து ஓட்டுதேன்லே." இரண்டையும் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனான். நான் சாப்பிடப் போனேன்.

வீட்டில் அவன் செய்த வேலையில் குறை சொல்ல முடியாது. தண்டை மீனுக்குப் பக்கத்தில் பிரீசரில் வைத்துச் சுருங்கவைத்தான். ரூபி கிறிஸ்துமஸ் கேக் செய்கிற ஓவனில் டியை வைத்துச் சூடாக்கி விரியவைத்தான். இரண்டையும் எடுத்து ஒரே அமுக்கு, பிடித்துக்கொண்டது. "கேக்குல ஆயில் வாடை அடிச்சா எவ வாங்குவா?" என்று ரூபி கத்தியதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

பிறகு அவன் வழக்கப்படி ஒரு மாதம் ஓட்டிப் பார்த்தான். எந்த வேலையானாலும் முதலில் தன் உயிரை வைத்துத்தான் சோதிப்பான். "மொத ஒரு மாசம் நான், அதுக்கப்புறந்தான் வண்டிக்காரன்" என்பான். ஒரு மாதம் முடிந்தது, ஒரு குறையும் இல்லை. அந்த நம்பிக்கையில் இரண்டாவது தண்டைச் சக்திகுமார் வண்டியில் மாட்டினான். அடுத்த பதினோராம் நாள் அவன் இல்லை.

மூன்றாம் நாள் நான் அந்த இடத்துக்குப் போனேன். கழுகுமலை ரோட்டில் ஒரு வேகத்தடை. பக்கத்து மக்காச்சோளக் காட்டில் களையெடுத்துக்கொண்டிருந்த செல்வமாரி எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். போலீஸ்காரர் யாரும் அவரிடம் கேட்கவில்லை. நான் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "மெல்லத்தான் வந்தாவ அண்ணாச்சி. தடை கிட்ட வரவும் இன்னும் மெதுவாக்குனாவ. ஏறி எறங்குச்சு, முன் சக்கரம் தனியா மடங்கி வண்டிக்கு அடியில போயிட்டு. அவிய தலை அந்தக் கல்லுல போயி விழுந்துச்சு. ஒரு சத்தம்கூடப் போடல."

ரோட்டோரத்து ஓடையில் கிடந்ததாகச் சொல்லி ஒரு இரும்புத் துண்டையும் என் கையில் கொடுத்தார். தண்டின் அடிப்பாகம். பற்றவைத்த இடத்தில் சரியாக ஒடிந்திருந்தது. ஒடிந்த வாயில் பாதிக்கு மேல் கறுத்திருந்தது, ஓரத்தில் கொஞ்சம்தான் புது வெட்டாக மினுங்கியது. கறுத்த பாதி அன்று ஒடிந்தது இல்லை, பழைய விரிசல். நான் வாளியில் முக்கிய அன்றே கீறல் விழுந்துவிட்டது. அது தெரியாமல்தான் நாற்பது நாளுக்கு மேல் அதன் மேல் உட்கார்ந்து போயிருக்கிறான்.

இதோ, அன்றிலிருந்து என்னோடேயே இருக்கும் அந்தத் துண்டு இதுதான். மேசையில் வைக்கிறேன். வண்டி தெரிந்தவர்கள் வந்து பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் நான் சாம்ராஜ் வீட்டுக்குப் போனேன். இது என் சட்டைப்பையில் இருந்தது. ரூபி வாசலுக்கு வந்து, "நான் அப்படிச் சொல்லாம இருந்தா அவிய மெதுவாப் போயிருப்பாவளா அண்ணாச்சி?" என்று கேட்டது. பதில் என் பையில் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வந்துவிட்டேன். ஏன்? பயம். போலீஸ் வரும் என்ற பயம், பட்டறையை மூட வேண்டி வரும் என்ற பயம், வன்னியபெருமாள் கடைந்தது ஒடிந்தது என்று நான்கு பேர் சொல்வார்களே என்ற பயம். பசியில் ஒரு தப்புச் செய்தேன், சரி. அதை ஒரு பெண்ணின் தலையில் பதினாறு நாள் ஏற்றிவைத்துவிட்டு, நான் மூன்று வேளையும் சாப்பிட்டேனே, அதற்கு என்ன பெயர்?

ரூபி, இப்போது சொல்கிறேன். அவன் மெதுவாகத்தான் போனான். உன் மேல் கோபமாகப் போனானா என்று எனக்குத் தெரியாது. கோபமாக இருந்திருந்தாலும் தடையைப் பார்த்து வேகத்தைக் குறைத்திருக்கிறான். நீ எனக்கு மன்னிப்புத் தர வேண்டாம். நான் கேட்கவும் இல்லை. நேசம்மாள் அம்மா, உங்கள் மருமகள் சொன்ன சொல்லுக்கு இரும்பை ஒடிக்கிற சக்தி கிடையாது. உங்கள் மகனைக் கொன்றது நான். முகத்தைத் திருப்பிக்கொள்வதானால் என்னைப் பார்த்துத் திருப்புங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்கு இந்தத் துண்டோடு காவல் நிலையத்துக்குப் போகிறேன். யார் கேட்டாலும் வந்து சொல்வேன் என்று செல்வமாரி அன்றே சொல்லியிருக்கிறார். அந்தத் தாளில் எழுதியிருக்கும் அதிவேகம் என்ற வார்த்தையை அடிக்கச் சொல்வேன். அதற்கு மேல் என்ன நடந்தாலும் நடக்கட்டும்.

மறைந்தவரின் பணியைத் தொடர்வோம் என்று உறுதி சொல்லி முடிப்பது நம் வழக்கம். நம் சங்கத்துக்கு நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன். வண்டி வேலையை விடாதீர்கள். ஆனால் இனி கழித்துப் போட்ட ஷாப்டில் யாரும் தண்டு கடைய வேண்டாம். கடைகிறவன் எத்தனை வருடத்துக்காரனாக இருந்தாலும், ஏன் சாம்பலில் போடவில்லை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் அங்கேயே நின்று மறுபடியும் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. இரண்டாவது தண்டு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. சாம்ராஜ் போன ஐந்தாம் நாள் சக்திகுமாரைக் கூப்பிட்டு, ஆயில் சீல் மாற்ற வேண்டும், வண்டியைக் கொண்டுவா என்று ஒரு பொய் சொன்னேன். வேலை முடியட்டும், வாரேன் என்றான். அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொல்லாமல் எப்படி வற்புறுத்துவது? இன்று சாயங்காலம் இந்த வாசலில் நின்றிருந்தேன். அந்த வண்டி வந்து நின்றது. அதிலிருந்து சக்திகுமார் இறங்கினான், அவன் மனைவி முத்துத்தாய் இறங்கினாள், டேங்கின் மேல் உட்கார்ந்திருந்த குழந்தையை இறக்கிவிட்டார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு வாய் வந்தது. இல்லாவிட்டால் இன்றும் ஐந்து நிமிடம் புகழ்ந்துவிட்டு இறங்கியிருப்பேன்.

இப்போது தலைவர் உங்களை எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தச் சொல்வார். நீங்கள் செலுத்துங்கள். நான் பதினாறு நாள் மௌனமாக இருந்துவிட்டேன். சக்திகுமார், எழுந்து வா. முத்துத்தாயையும் பிள்ளையையும் பஸ்ஸில் அனுப்பிவை. வண்டியை ஸ்டார்ட் செய்யாதே. என் பட்டறை ஒன்றரைக் கிலோமீட்டர்தான், இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே போவோம்.